பெரிய ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் கழிப்பறைதான் வரைய வேண்டுமா?

கேட்டவர் பி.ஆர்க். இறுதியாண்டு. சென்னையில் இருநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. "அங்கே போனா அஞ்சு வருஷம் டாய்லெட்தான் வரைவே" என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். எட்டுப் பேர் இருக்கும் சின்ன ஆபீஸ் ஒன்றும் கூப்பிடுகிறது. பெரிய இடத்தில் வேலை உண்மையில் எப்படி இருக்கும், எதில் சேரலாம் என்பது கேள்வி.

பேராசிரியர் சொன்னது பொய்யில்லை. 2011-ல் நானும் அப்படியோர் ஆபீஸில் சேர்ந்தேன். முதல் 14 மாதம் கழிப்பறைதான் வரைந்தேன். ஓ.எம்.ஆரில் ஐ.டி. நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவதற்கான 11 மாடிக் கட்டடம். மாடிக்கு இரண்டு கோர். லிஃப்ட், மாடிப்படி, கழிப்பறை, குழாயும் கேபிளும் ஏறி இறங்கும் ஷாஃப்ட் எல்லாம் ஒன்றாகக் கூடியிருக்கும் பகுதிக்குத்தான் கோர் என்று பெயர். முகப்புக் கண்ணாடி ஒரு டீமிடம் இருந்தது. லாபியை ஒரு சீனியர் யாரிடமும் கொடுக்காமல் கையில் வைத்திருந்தார். எனக்கு வந்தது இரண்டாவது கோரும் அதிலிருந்த கழிப்பறைகளும். அங்கே ஒன்பது வருடம் இருந்தேன். இப்போது நாலு பேரோடு சொந்தமாக ஆபீஸ் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் பார்த்தாகிவிட்டது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கழிப்பறையில் வரைய என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். முதல் வாரம் ஒரு தாளை முடித்து, திருத்துவதற்கு ப்ராஜெக்ட் ஆர்க்கிடெக்டிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது வெள்ளையைவிட சிவப்பு அதிகம். டைல் 600-க்கு 600. கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது முழு டைலாக இருக்க வேண்டும், வெட்டுத் துண்டு வாஷ்பேசின் மேடைக்கு அடியில் போய் மறைய வேண்டும். தரைத் தண்ணீர் வடியும் ஃப்ளோர் ட்ராப் டைலின் நடுவிலோ மூலையிலோ வந்தால்தான் டைல் போடுகிறவர் வாட்டம் கொடுக்க முடியும். இரண்டும் கெட்டானாக வந்தால் அவர் பாட்டுக்கு நாலு துண்டாக வெட்டிவிடுவார். கமோடின் கழிவுக்குழாய் ஸ்லாபைத் துளைத்துக் கீழே இறங்கும் இடத்தில் பீம் இருக்கக் கூடாது. நான் வரைந்த இடத்தில் இருந்தது. சரி, 200 மில்லிமீட்டர் நகர்த்தினேன். கமோடு நகர்ந்ததும் தடுப்பு நகர்ந்தது; தடுப்பு நகர்ந்ததும் அதன் கதவு எதிரே இருந்த வாஷ்பேசின் மேடையில் இடித்தது; மேலே சீலிங் விளக்கு நடுவில் இல்லாமல் போனது; காற்றை வெளியே இழுக்கும் கிரில்லும் இடம் மாறியது. ஒரு கமோடு ஒரு சாண் நகர்ந்ததற்கு ஆறு தாளில் திருத்தம், பிளம்பிங் கன்சல்டன்டுக்கு ஒரு மெயில், ஏ.சி. கன்சல்டன்டுக்கு ஒரு மெயில். அதே கோர் 11 மாடிக்கும் போகிறது என்பதால் ஒரு தப்பு 11 தப்பு.

பெரிய ஆபீஸின் வேலை பெரும்பாலும் இதுதான். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பது முதல் சில மாதங்களில் முடிவாகிவிடும், அந்த அறையில் நீங்கள் இருக்கப் போவதில்லை. அடுத்த மூன்று வருடம் நடப்பதெல்லாம், ஒருவரையொருவர் நேரில் பார்க்காத பல நூறு பேர் ஒரே அளவை நம்பி வேலை செய்வதற்கான ஏற்பாடு. இது பிடித்துப்போனால் பெரிய ஆபீஸில் ரொம்ப சந்தோஷமாக இருக்கலாம். பிடிக்காவிட்டால் ஆறே மாதத்தில் மூச்சு முட்டும். கல்லூரியில் நம் டிசைனை உட்கார்ந்து மதிப்பிடும் ஜூரி இதற்குக் கிடையாது, அதனால் இது பிடிக்குமா பிடிக்காதா என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், காலை ஒன்பதரைக்கு ஃபைலைத் திறப்போம். நான் சேர்ந்தபோது வரைவதற்கு ஆட்டோகேட் சாஃப்ட்வேர். நடுவில் ரெவிட்டுக்கு மாறினோம். ரெவிட்டில் மொத்தக் கட்டடமும் சர்வரில் ஒரே ஃபைலாக இருக்கும், அதைத்தான் சென்ட்ரல் ஃபைல் என்போம். ஆளுக்கொரு பிரதியில் வேலை செய்து அவ்வப்போது சிங்க் போட வேண்டும். சிங்க் போட்டால்தான் நான் நகர்த்திய சுவர் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியும். டிராயிங் வெளியே போகும் நாளில் 14 பேர் ஒரே நேரத்தில் சிங்க் போடப் பார்ப்பார்கள், ஃபைல் அப்படியே உறைந்து நிற்கும். ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் எழுந்து நின்று, "நான் சிங்க் போடறேன், யாரும் கை வைக்காதீங்க" என்று கத்துவார். எல்லாரும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, நீலக்கோடு ஓடி முடிகிறதா என்று அவருடைய திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குள் கீழே டீக்கடை மூடிவிடும்.

மற்றபடி மதியம் ஒரு கோ-ஆர்டினேஷன் மீட்டிங் இருக்கும். ஸ்ட்ரக்சர், ஏ.சி., எலெக்ட்ரிகல், பிளம்பிங், தீயணைப்பு என்று ஆளுக்கொரு கன்சல்டன்ட். பீமுக்குக் கீழே ஏ.சி. டக்ட், டக்டுக்குக் கீழே ஸ்பிரிங்க்ளர் குழாய், அதற்கும் கீழே ஃபால்ஸ் சீலிங். கிளையன்டுக்கு சீலிங் உயரம் குறையக் கூடாது, ஸ்ட்ரக்சர்காரர் பீமைக் குறைக்க மாட்டார். 50 மில்லிமீட்டருக்காக இரண்டு மணி நேரம் பேசியதுண்டு. கூட்டம் முடிந்ததும் யார் என்ன ஒப்புக்கொண்டார் என்று குறிப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்புவது ஜூனியர் வேலை. ஆறு மாதம் கழித்து வழக்கு வந்தால் அந்தக் குறிப்புதான் பேசும். தயவுசெய்து அதை அலட்சியமாக எழுதாதீர்கள்.

மீட்டிங் குறிப்பைவிட ஆழமாக எனக்கு உறைத்தது என் சொந்தத் தவறு ஒன்று. கழிப்பறையில் தேறிய பிறகு தீ விபத்துக் கால மாடிப்படியை என்னிடம் கொடுத்தார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி அலுவலகக் கட்டடத்தில் படியின் அகலம் குறைந்தது 1.5 மீட்டர் இருக்க வேண்டும். நான் சுவருக்குச் சுவர் சரியாக 1500 என்று அளவு போட்டேன். மேலே இருந்தவர்கள் பார்த்தார்கள், 1500 இருக்கிறது, கட்டலாம் என்ற முத்திரையோடு தாள் சைட்டுக்குப் போனது. மூன்று மாடி பூச்சு வேலை முடிந்த பிறகு சைட் எஞ்சினியர் ஒருவர் எதேச்சையாக டேப்பை வைத்துப் பார்த்திருக்கிறார். 1468. நான் போட்டது கான்கிரீட்டுக்குக் கான்கிரீட் அளவு. இரண்டு பக்கமும் பூச்சு ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கவேயில்லை. போதாக்குறைக்கு சென்ட்ரிங் கொஞ்சம் விலகி ஒரு பக்கச் சுவர் தொப்பை போட்டிருந்தது. கோர் சுவர் என்பது கட்டடத்தையே தாங்கும் கான்கிரீட், செங்கல் மாதிரி இடித்துத் தள்ளிக் கட்ட முடியாது. தீயணைப்புத் துறை அளந்து பார்த்தால் சான்றிதழ் நிற்கும். 1975-ல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. படி விஷயத்தில் இங்கே யாரும் விளையாட மாட்டார்கள், விளையாடவும் கூடாது.

ஒப்பந்ததாரர் ஒரு கேள்விக் கடிதம் அனுப்பினார். 14 பேருக்கு நகல். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. ஒரு வாரம் எல்லாரும் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். கடைசியில் மூன்று மாடியிலும் பூச்சைக் கொத்தியெடுத்து, தொப்பையைத் தேய்த்து, கான்கிரீட் மேலேயே மெல்லிய பட்டியும் பெயிண்டும் அடிப்பது என்று முடிவானது. செலவை யார் ஏற்றார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த அளவைப் போட்டாலும் பக்கத்தில் 'பூச்சுக்குப் பிறகு' என்றோ 'பூச்சுக்கு முன்' என்றோ எழுதாமல் விட்டதில்லை. சின்ன ஆபீஸில் இதே தப்பைச் செய்திருந்தால் மேஸ்திரியே போனில் கூப்பிட்டு, "மேடம், பூச்சு போக 1470-தான் வரும், பரவால்லையா?" என்று கேட்டிருப்பார். பெரிய கட்டடத்தில் டிராயிங்கில் இருப்பதைத்தான் கட்டுவார்கள், கட்டியதற்குத்தான் பணம். அந்த மேஸ்திரியின் அறிவு அங்கே வேலைக்கு வருவதில்லை. எனக்குப் பெரிய ஆபீஸ் மேல் இருக்கும் உண்மையான வருத்தம் இது.

சைட்டைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும். 11 மாடிக்கும் கழிப்பறை வரைந்த நான் அந்த சைட்டுக்குப் போகும் நாளில் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டேன். முதல் ஒரு வருடம் அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஆண்களுக்கு வரிசையாகத் தகரக் கொட்டகைகள் இருந்தன. கல் சுமக்கும் பெண்கள் பின்பக்கம் புதருக்குப் போவார்கள். நானும் இன்னொரு ஜூனியரும் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓட்டலுக்கு ஆட்டோ பிடிப்போம். மீட்டிங்கில் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. சொன்ன பத்தாவது நாள் பூட்டோடு ஒரு அறை வந்தது. எட்டு மாதம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வரும். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் முதல் நாளே கேளுங்கள். பெரிய ஆபீஸ் பெயருக்கு அந்த அளவு மதிப்பாவது இருக்கிறது.

அனுமதி வாங்குவது தனி உலகம். தமிழ்நாட்டில் 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயரமான கட்டடம், விதிகளே வேறு. தீயணைப்புத் துறை, போக்குவரத்து காவல்துறை, விமான நிலைய ஆணையம் என்று ஒவ்வொரு இடத்திலும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டர் ஆகிவிட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் சேர்ந்துகொள்ளும். எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும அலுவலகத்தின் படிகள் எனக்கு வீட்டுப் படி மாதிரி. பெரிய ஆபீஸில் இதற்கென்றே அனுபவசாலி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் ஆர்க்கிடெக்டாக இருக்க மாட்டார், டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து வளர்ந்தவர். எங்கள் ஆபீஸில் இருந்த அந்த அண்ணன் பிளானைப் பார்த்த உடனே, "பின்பக்கம் அரை மீட்டர் இடம் கம்மி, திருப்பி அனுப்புவான்" என்பார். கணக்கு போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும். அவரோடு இரண்டு மாதம் அலையக் கிடைத்தால் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். நான் சொந்தமாகத் தொழில் நடத்த முடிவதே அவரிடம் கற்றதால்தான்.

உழைப்பு வீணாவதற்கும் தயாராக இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. உயரமான கட்டடத்துக்கு அது 2.5-லிருந்து 3.25 ஆனது, மற்றவற்றுக்கு 1.5-லிருந்து 2. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றால் இனி 4,800. மனை வைத்திருப்பவருக்குத் தீபாவளி. எங்கள் டீம் ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்த ஒரு கட்டடத்தை கிளையன்ட் ஒரே போனில் நிறுத்தினார், எல்லாம் முதலிலிருந்து. வாலாஜா சாலையில் ஓமந்தூரார் வளாகத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் சட்டமன்ற வளாகமாக வடிவமைத்து, 2010 மார்ச்சில் திறந்து, ஆட்சி மாறி, 2014-ல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக ஆகிவிட்டது. அதில் ஏதோ ஒரு கதவு அட்டவணையை வரைந்த ஜூனியர் ஒருவர் இருந்திருப்பார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

பெயர் கிடைக்குமா என்று கேட்காதீர்கள், கிடைக்காது. அமெரிக்காவின் எஸ்.ஓ.எம். என்ற பெரிய ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தில் 1944-லிருந்து 1974 வரை இருந்த நடாலி டி ப்ளோயிஸ், நியூயார்க் பார்க் அவென்யூவின் பெப்சி-கோலா தலைமையகம் உட்பட முக்கியமான கட்டடங்களில் வடிவமைப்பாளராக இருந்தவர். வெளியுலகத்துக்கு ரொம்ப நாள் தெரிந்திருந்தது அங்கே பார்ட்னராக இருந்த கார்டன் பன்ஷாஃப்ட் பெயர்தான். முழுப் பங்குதாரராக நடாலியை ஆக்கவுமில்லை. அவருக்கே அந்த நிலை. நமக்குத் தாளின் ஓரத்தில் விவரம் எழுதும் டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் இரண்டு எழுத்து. அதைவிட நடைமுறையில் முக்கியமானது: வேலையை விடும்போது உங்கள் டிராயிங்குகளை போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று வருட வேலையில் ஒரு தாள்கூடக் காட்ட முடியாமல் இன்டர்வியூவுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பணம். ஐந்து வருடம் படித்துவிட்டுச் சேர்ந்த எனக்கு மாதம் 15,000. நாலு வருடம் படித்த பள்ளித் தோழி ஐ.டி.யில் 25,000 வாங்கினாள். மூன்றாவது வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். சின்ன ஆபீஸைவிட ஒழுங்காக, தேதி தவறாமல் வரும், பி.எஃப்., இன்ஷூரன்ஸ் உண்டு. ஓவர்டைம் என்று எதுவும் கிடையாது, ராத்திரி ஒரு மணிக்கு டாக்ஸிக்கு ரசீது கொடுத்தால் பணம் வரும், அவ்வளவுதான். 2020-ல் ஊரடங்கு வந்தபோது சம்பளத்தில் 30 சதவீதம் வெட்டினார்கள், ஜூனியர்கள் பலரை ஒரே மெயிலில் அனுப்பினார்கள். நான் விலகியதும் அப்போதுதான். அங்கே நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கடன் வாங்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பெரிய ஆபீஸில் தாள்களில் கையெழுத்துப் போடுவது பார்ட்னர், அதனால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். 1972-ன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. டிகிரி கையில் வந்ததும் முதல் வேலையாகப் பதிவு செய்துவிடுங்கள்.

அப்போ எதில் சேருவது? என் கட்சி, முதல் மூன்று வருடம் பெரிய இடம். சின்ன ஆபீஸில் முதல் மாதமே ஒரு வீட்டை முழுசாக உங்கள் கையில் கொடுப்பார்கள். சந்தோஷமாக இருக்கும், ஆனால் உங்கள் தாளைச் சிவப்பு மையால் நிரப்ப அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. தப்பு செய்தோம் என்பதே தெரியாமல் தப்பு செய்து பழகிவிடுவீர்கள். இதற்கு விதிவிலக்கான சின்ன ஆபீஸ்கள் உண்டு. திருத்தித் தருவதில் பிடிவாதமான ஒருவர் நடத்தும் இடமென்றால் பெரிய இடத்தை விட்டுவிட்டு அங்கேயே போங்கள்.

பெரிய இடம் என்று முடிவானால், அந்த நிறுவனத்தின் பெயரை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். இருநூறு பேர் இருக்கும் ஆபீஸ் என்பது பத்துப் பதினைந்து சின்ன ஆபீஸ்கள், நீங்கள் வாழப்போவது அதில் ஒன்றில். எந்த டீம், எந்தக் கட்டடம், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, உங்கள் தாளை யார் திருத்துவார் என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். கான்செப்ட் டீமில் போடுகிறோம் என்றால் மயங்க வேண்டாம். இரண்டு வருடம் அழகான படங்கள் செய்துவிட்டு, கதவு எப்படிச் சுவரில் நிற்கிறது என்று தெரியாமல் வெளியே வருவீர்கள். கட்டுமானம் ஆரம்பித்துவிட்ட கட்டடம் கிடைத்தால் அதில் உட்காருங்கள், கழிப்பறையே கொடுத்தாலும். முடிந்தால் வேலை நாளில் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்று, எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம், சைட்டுக்குப் போகும்போது டேப் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் டேப் போதும்.